மஸ்கட்டிலிருந்து ஓர் அண்ணன்

தங்கம் அக்காவுக்கு மஸ்கட்டில் யாருமே இல்லை என்று எங்கள் குடும்பம் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தது. நம்பியதோடு நில்லாமல், குடும்ப ஜெபம் நடக்கும்போதெல்லாம் அதைக் கர்த்தருக்கும் நினைவூட்டி வந்தது. "அந்நிய தேசத்தில் ஒருவருமில்லாமல் தனித்திருக்கிற எங்கள் சகோதரியை" என்று பெரியண்ணன் தொடங்கினால் வெகுநேரத்துக்கு யாரும் கண்ணைத் திறக்க முடியாது. அக்கா அங்கே ஒரு மருத்துவமனையின் பிரசவப் பிரிவில் நர்ஸாக இருந்தாள். மணம் செய்துகொள்ளவில்லை. பணி ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்கு வந்து இறங்கியபோது, அவள் கொண்டு வந்த பெட்டிகளைவிட எங்கள் இரக்கம்தான் கனமாக இருந்தது.

எங்களில் மூத்தவர் பெரியண்ணன், சாத்தான்குளத்தில் தலைமை ஆசிரியராக இருந்தவர். அடுத்தவள் தங்கம் அக்கா. அவளுக்குப் பின் நான். கல்லூரியில் வரலாறு சொல்லிக் கொடுத்து ஓய்ந்தவள், கணவரை இழந்தவள், பாளையங்கோட்டையில் மாடியுள்ள ஒரு வீட்டுக்குச் சொந்தக்காரி. கடைக்குட்டி சாமுவேல், களக்காட்டில் வாழை போடுகிறவன். அக்கா என் வீட்டில்தான் வந்து தங்கினாள். அது தற்காலிக ஏற்பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். உடன்பிறந்த ஆண்கள் இருவர் இருக்க, ஒருத்தி தங்கை வீட்டில் காலம் கழிப்பது அண்ணன் தம்பிக்குத் தலைக்குனிவு. ஆகவே சாத்தான்குளத்தில் பாதி ஆண்டு, களக்காட்டில் பாதி ஆண்டு என்று பெரியண்ணன் ஒரு திட்டம் வகுத்து, அதை உறுதி செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் தம் வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தார்.

அக்காவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "அண்ணன் சொல்லுதபடி" என்றுதான் சொல்லியிருப்பாள். என்னிடமும் யாரும் கேட்கவில்லை. மாடியில் குடியிருந்த வங்கி ஊழியர் மாற்றலாகிப் போனபின் அந்த அறைகளை நானே வாரந்தோறும் கூட்டித் துடைத்து வந்தேன்; வேறு யாருக்கும் விடவில்லை. காரணம் கேட்டவர்களிடம் தண்ணீர்க் குழாய் சரியில்லை என்றேன்.

நான் பாஸ்போர்ட் எடுத்தவள் அல்ல. கடலில் முழங்கால் வரை போனதுதான் என் கடல் பயணம். ஆயினும் இதை வெளிநாட்டுப் பயணக் கட்டுரை என்றே சொல்லத் துணிகிறேன். ஏனெனில் அந்த ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் மஸ்கட் எங்கள் வாசலில் வந்து இறங்கிவிட்டது.

வந்தவர்கள் மூன்று பேர். ஹசன்: வெள்ளைத் தாடி, கணுக்கால் வரை வெள்ளை அங்கி, பூவேலை செய்த தொப்பி, அத்தர்க் கடை வைத்திருப்பவர். அவருடைய மகள் மரியம். மருமகள் ஷஹானா, ஹைதராபாத்தில் பிறந்தவள். ஹசனின் முன்னோர் ஈரானின் தெற்குக் கரையிலிருந்து மஸ்கட்டுக்கு வந்தவர்கள். அதனால் வீட்டுக்குள் பாரசீகம், தெருவில் அரபி, மருமகளோடு உருது. மரியமின் பிள்ளைகளை உலகுக்குக் கொண்டு வந்தவள் அக்கா. ஒருநாள் மருத்துவமனையின் தாழ்வாரத்தில் நின்று ஹசன், "இனி நீ என் உடன்பிறந்தாள்" என்று அவளிடம் சொன்னாராம். அன்று முதல் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர்கள் வீட்டுச் சோறு அக்காவின் குடியிருப்புக்கு வந்திருக்கிறது. இதை அக்கா எங்களிடம் சொன்னதே இல்லை.

அவர்கள் வந்த காரணத்தை ஷஹானா ஆங்கிலத்தில் விளக்கினாள். அத்தையை இரண்டு ஊர்களுக்கிடையே மாற்றி மாற்றி அனுப்பப் போவதாகத் தொலைபேசியில் தெரிந்ததாம். ஊரில் அவருக்கு யாருமே இல்லை போலிருக்கிறது என்று அவர்கள் வீட்டில் நம்பிவிட்டார்கள். தொழுகைதோறும் அதைச் சொல்லி வேண்டியதோடு, நேரிலேயே பார்த்துவிடலாம் என்று புறப்பட்டும் வந்துவிட்டார்களாம். ஒரே பெண்ணுக்காக இரு கரைகளிலிருந்தும் ஒரே விண்ணப்பம் போயிருக்கிறது.

எங்கள் வீட்டு வழக்கத்தில் ஒருவருக்குச் சோறு வைப்பதற்குமுன் அவர் என்ன முறை என்று தெரிந்தாக வேண்டும். பெயர் சொல்லி அழைத்தால் அவமரியாதை. ஒன்றும் சொல்லாமல் "இந்தாங்க" என்றால் அதைவிட அவமரியாதை. பெரியப்பா, சித்தப்பா, மாமா எல்லோரையும் ஒரே 'அங்கிள்' சாக்கில் போட்டுக் கட்டிய மொழியை வைத்துக்கொண்டு வெள்ளைக்காரன் எப்படி இத்தனை காலம் ஆண்டான் என்று எங்கள் அப்பா கடைசிவரை வியந்துகொண்டிருந்தார். மரியமின் மொழியை அவர் கேட்டிருந்தால் எழுந்து நின்று கை குலுக்கியிருப்பார். அவர்களுக்கு அப்பாவின் உடன்பிறந்தவன் 'அமூ', அம்மாவின் உடன்பிறந்தவன் 'தாயீ', அம்மாவின் உடன்பிறந்தவள் 'காலே', அப்பாவின் உடன்பிறந்தவள் 'அம்மே'. உருதுவில் இன்னும் விரிவு: அப்பாவுக்கு மூத்தவர் 'தாயா', இளையவர் 'சாச்சா', அத்தை 'பூஃபி'. மாமா அங்கே 'மாமூ'. நான் மாமா என்று சொன்னதும் ஷஹானா, ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்ட பயணி போலத் தலை நிமிர்ந்தாள்.

மரியம் அக்காவை 'அம்மே' என்றாள்; அதாவது அத்தை. எனவே ஹசன் எங்களுக்கு உடன்பிறப்பு. அதில் சந்தேகமில்லை. ஆனால் சோறு வைக்க அது போதாது. அன்று மாலை பெரியண்ணன் தொலைபேசியில் கேட்டார்.

"வந்திருக்கவிய நமக்கு என்ன வேணும்?"

விளக்கினேன்.

"சரி. அண்ணனா, தம்பியா?"

அரபியில் 'அக்' என்றால் உடன்பிறந்தவன். முன்னால் பிறந்தானா பின்னால் பிறந்தானா என்று அதைச் சொல்லும்போது யாரும் கவலைப்படுவதில்லை. எங்களுக்கோ யார் முதலில் கை நனைப்பது, யாருக்கு நாற்காலி, யார் பேச்சு கடைசிப் பேச்சு என்பதெல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது. ஷஹானாவிடம் கேட்டேன். மாமனாருக்குப் பிறந்த நாள் ஜனவரி முதல் தேதி, அவர் தலைமுறையில் தெருவில் பாதிப் பேருக்கு அதே நாள்தான், அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தது, நம்புவதற்கில்லை என்றாள். பெரியண்ணனின் பிறந்த நாளும் பள்ளியில் சேர்த்த வாத்தியார் போட்ட ஜூன் முதல் தேதிதான். இரண்டு ஊர்களிலும் தாய்மார் பெற்றதைவிட எழுத்தர்கள் பெற்றதே அதிகம்.

"தாடி நரைச்சிருக்கா?" என்றார் பெரியண்ணன்.

"முழுக்க வெள்ளை."

பெரியண்ணன் தலைக்குச் சாயம் பூசுகிறவர். அதைக் கேட்டதும் அவர் சுவர்க் கண்ணாடியைப் பார்த்திருப்பார் என்பது என் ஊகம்.

"அப்போ எனக்கு மூத்தவராத்தான் இருக்கும். அண்ணாச்சின்னே கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழம மூத்தவருக்குண்டான மரியாதையோட கூட்டிட்டு வா, ஏட்டி."

அக்கா என் அருகில்தான் நின்றாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு ஹசனின் தேநீரைச் சர்க்கரை போடாமல் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் வேன் வந்தது. ஓட்டுநர் இசக்கி நல்லவர், வேனும் நல்லதுதான். பக்கவாட்டுக் கதவு மட்டும் உள்ளேயிருந்து திறக்காது. "வெளிய இருந்து தொட்டா பூ மாதிரி தொறக்கும் டீச்சர், நாளைக்கே சரி பண்ணிருதேன்" என்றார். வண்டியை நிறுத்தியவுடன் அவர் இறங்கி வழி கேட்கவோ தேநீர் குடிக்கவோ போய்விடுவார். நாங்கள் உள்ளே அமர்ந்து கண்ணாடி வழியாகப் போவோர் வருவோரைக் கூவி அழைப்போம். ஷஹானா "பாயி சாப்" என்பாள். மரியம் "அமூ, அமூ" என்பாள். ஹசன் கம்பீரமாக "யா அகீ" என்பார். அன்று மட்டும் மேலப்பாளையத்தில் ஒரு பூக்காரர் மரியமுக்குச் சித்தப்பாவானார்; பேருந்தைத் தவறவிட்ட ஒரு நடத்துநர் ஹசனுக்குச் சகோதரரானார். எல்லோரும் கதவைத் திறந்துவிட்டு, எந்த ஊர் என்று கேட்டுவிட்டே போனார்கள்.

விருந்தாளிகளுக்கு ஏற்ற இறைச்சி வாங்க மேலப்பாளையம் போயிருந்தோம். அடுத்த கடை ஜவுளிக்கடை. காயல்பட்டினத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த அம்மாள் ஒருவர் கல்லாவில் இருந்தார். ஹசனைப் பார்த்ததும், "வாங்க காக்கா, உக்காருங்க" என்றார். ஹசன் உட்காரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று மகளைப் பார்த்தார். அவர்கள் வீட்டிலும் மூத்த உடன்பிறந்தவனைக் காக்கா என்றுதான் அழைப்பார்களாம். ஈரானின் தெற்குக் கரை வழக்கு. இந்த ஒற்றுமையைத் தற்செயல் என்று அறிஞர்கள் தள்ளிவிடக்கூடும். நானும் அதற்கு மேல் வாதாட மாட்டேன். ஆனால் அந்தக் கடையில் அன்று யாரும் அறிஞராக இல்லை.

அம்மாள் உற்சாகமாகத் தம் வீட்டு முறைகளை விரல் விட்டுச் சொன்னார்: வாப்பா, உம்மா, சாச்சா, சாச்சி, லாத்தா. ரயில் நிலையத்தில் தத்தம் பெட்டியை அடையாளம் கண்டவர்களைப் போல மரியம் உம்மாவை எடுத்துக்கொண்டாள், ஷஹானா சாச்சாவை எடுத்துக்கொண்டாள். அக்காவைக் குறிக்கும் லாத்தா மட்டும் யாருக்கும் அகப்படவில்லை. "அது நம்ம ஊருச் சரக்கு, கேட்டா எங்கன கெடைக்கும்?" என்று அம்மாள் பெருமையாகச் சொல்லிவிட்டு, மரியமுக்கு ஒரு துப்பட்டாவைக் காசு வாங்காமல் மடித்துக் கொடுத்தார்.

அன்று மாலை நகரத்துக்குள் அல்வா வாங்கப் போனோம். அங்கேதான் நான் என் அக்காவை முதன்முறையாகப் பார்த்தேன்.

ஹசனுக்குச் சர்க்கரை நோய் உண்டு. அல்வா வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே சொல்லியிருந்தாள். அவரும் தலையாட்டியிருந்தார். வேனில் ஏறியதும் அவருடைய வெள்ளை அங்கியின் பக்கவாட்டில் ஒரு நெய்க்கறை தோன்றிற்று. பிறகு அது ஏதோ ஒரு தேசத்தின் வரைபடம் போல மெல்லப் பரவிற்று. அக்கா கையை நீட்டினாள். அதன்பின் அவள் பேசிய அரபியில் ஒரு சொல்லும் எனக்குப் புரியவில்லை. ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. புருவம் ஏறி இறங்கியது, கை காற்றை வெட்டியது, குரல் முதலில் உயர்ந்து பின் சிரிப்பாக உடைந்தது. தமிழில் நான்கு சொல் சேர்ந்தாற்போலப் பேசாதவள் என் அக்கா. ஹசன் பள்ளி மாணவனைப் போலப் பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"'ஊசி போட்டு ஊசி போட்டு உன்னை உயிரோடு வைத்திருக்கிறேன், என் ஊருக்கு வந்து செத்து என் மானத்தை வாங்காதே' என்கிறார்" என்று ஷஹானா மொழிபெயர்த்தாள்.

ஓர் அண்ணனை இப்படி அதட்டலாமா என்று எனக்குத் தோன்றியது. அரபியில் அதட்டலாம் போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அடுத்த நாள் கல்லிடைக்குறிச்சி. ஷஹானா அப்பளம் வாங்க வேண்டும் என்றாள்; ஹசன் ஆற்றைப் பார்க்க வேண்டும் என்றார். கதவை ஒரு பால்காரர் திறந்துவிட்டார். ஹசன் அங்கியைக் கழற்றி, உள்ளே கட்டியிருந்த கைலி போன்ற துணியோடு படித்துறையில் இறங்கினார். அதைக் கண்டதும் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அவர்மேல் இருந்த கூச்சம் போய்விட்டது. "அண்ணாச்சி, பைய எறங்குங்க, பாசி கெடக்கு" என்று இருவர் கை கொடுத்தார்கள்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று ஹசன் இரு கைகளாலும் நீரை அள்ளி அள்ளி விட்டார். பிறகு கரையில் இருந்த அக்காவிடம் ஏதோ கேட்டார். அவர்கள் நாட்டில் மலையிலிருந்து வாய்க்கால் வெட்டி, ஒவ்வொரு வீட்டுக்கும் இவ்வளவு நேரம் என்று முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். "இன்று இந்தத் தண்ணீர் யாருடைய முறை?" என்பது அவர் கேள்வி. இது யாருடைய முறையும் அல்ல, சும்மா கடலுக்குப் போகிறது என்று அக்கா சொன்னாள். அவர் நம்பவில்லை. பக்கத்தில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் சைகையில் மறுபடி கேட்டார். அந்த மனிதர் என்ன புரிந்துகொண்டாரோ, சோப்பை நீட்டினார்.

ஷஹானா தன் ஆயுளுக்கும் போதுமான அப்பளம் வாங்கினாள். பெட்டியில் வைத்தால் நொறுங்கும் என்று மடியிலேயே வைத்துக்கொண்டாள். திரும்பும் வழியெல்லாம் வேன் பள்ளத்தில் இறங்கும்போது அவள் மடியிலிருந்து ஒரு சிறு முறுமுறுப்பு எழும். எல்லோரும் அவளைப் பரிதாபமாகப் பார்ப்போம்.

சனிக்கிழமை களக்காடு. சாமுவேல் வாழைத்தோப்பின் வரப்பிலேயே எங்களை எதிர்கொண்டு, தானே கதவைத் திறந்தான். ஹசன் மலையைக் காட்டிப் புலி எங்கே என்று விசாரித்தார். "அது மேல கெடக்கும் அண்ணாச்சி, நம்மள ஒண்ணும் கேக்காது" என்று சாமுவேல் சொன்னது, அரபி வழியாகச் சென்று உருது வழியாகத் திரும்பி, புலி ஒரு கௌரவமான பக்கத்து வீட்டுக்காரர் என்பதாக முடிந்தது.

சாப்பாட்டின்போது ஒரு சிறு அதிர்ச்சி. சாமுவேலின் மனைவி ரோசி எங்கள் தாய்மாமன் மகள். மரியம் அதைக் கேட்டுப் புன்னகை செய்து, தன் கணவரும் உறவுதான், அமூவின் மகன் என்றாள். நான் மொழிபெயர்த்தேன். ரோசியின் கையில் இருந்த கரண்டி குழம்புக்குள் போயிற்று.

"சித்தப்பா மகனா? அது அண்ணன்லா!"

மரியமும் திகைத்தாள். அவர்கள் வழக்கில் முதலில் கேட்கப்படுவது அந்த உறவுதான். மாமன் மகனை மணக்கலாம் என்றால் சித்தப்பா மகனை ஏன் மணக்கக் கூடாது என்று அவள் கேட்டாள். "அது கூடாது, அவ்வளவுதான்" என்றான் சாமுவேல், எங்கள் மரபின் சாரத்தை எல்லாம் திரட்டி. வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இசக்கி, "அப்போ சித்தி மக?" என்று மட்டும் கேட்டார்.

எனக்கு அப்போது ஒன்று விளங்கியது. அரபு மருமகள் மாமனாரை 'அம்மீ' என்பாள். என் அப்பாவின் உடன்பிறந்தவரே என்று பொருள். தமிழ் மருமகள் 'மாமா' என்பாள். என் அம்மாவின் உடன்பிறந்தவரே. அவரவர் எந்த வீட்டில் பெண் எடுத்தார்களோ அந்த வீட்டு வாசல் அவரவர் சொல்லில் திறந்தே கிடக்கிறது. இதை நான் உணர்ச்சியோடு எடுத்துரைத்தபோது எல்லோரும் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிளம்புமுன் சாமுவேல், அக்காவுக்கென ஒதுக்கியிருந்த அறையைக் காட்டினான். காற்றோட்டமான அறை. பாதி அறையில் வாழைத்தார்கள் தொங்கின. "பழத்துக்கு ஒரு கொறையும் இருக்காது" என்றான். அவன் கண்ணில் உண்மையான அன்பு இருந்தது. அக்கா தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சாத்தான்குளத்துக்குப் போகும் வழியில் ஹசன் பனைமரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். பேரீச்சைக்குத் தூரத்து உறவு என்று நான் சொன்னேன். என்ன முறை என்று கேட்டார்; எங்கள் பழக்கம் அதற்குள் அவருக்கும் தொற்றிவிட்டிருந்தது. வழியில் நுங்கு வாங்கித் தந்தோம். பதநீரை அக்கா பார்வையாலேயே திருப்பி அனுப்பினாள்.

பெரியண்ணன் வேட்டி சட்டையில் வாசலில் நின்றிருந்தார். தலை புதுச் சாயத்தில் மின்னிற்று. "வாங்க அண்ணாச்சி" என்று ஹசனைக் கைப்பிடித்து அழைத்துப்போய், தாம் ஓய்வு பெற்ற நாள் முதல் வேறொருவர் உட்கார்ந்திராத தம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு அக்காவுக்கான அறையைக் காட்டினார். சுத்தமான அறை, அதன் சன்னலுக்கு வெளியே, பள்ளியிலிருந்து பிரிவு உபசாரமாகப் பெற்ற வெண்கல மணி தொங்கியது. காலை ஜெபத்துக்கு ஒருமுறை, காப்பிக்கு ஒருமுறை, மாலை ஜெபத்துக்கு ஒருமுறை அடிக்கும் என்றார். பெரியண்ணனின் மனைவி, எங்கள் மதினி, எங்களைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தார். பல ஆண்டுகள் அந்த மணிக்குக் கீழே வாழ்ந்தவர் அவர்.

சாப்பாடு முடிந்ததும் கூட்டம் தொடங்கிற்று. ஹசன் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். பெரியண்ணன் தம் திட்டத்தை எடுத்துரைத்தார்: மழைக்காலம் இங்கே, கோடை களக்காட்டில், பண்டிகைகள் மாறி மாறி. முடிவில் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னார். "இந்த வீட்டுல மூத்தவர் சொன்னா சொன்னதுதான். அதுக்கு மேல அப்பீல் கெடையாது."

சாமுவேல் பாதி விளையாட்டாகத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். "அப்போ மூத்தவர் ஒறங்குதாவளே, அண்ணன்?"

எல்லோருடைய பார்வையும் சாய்வு நாற்காலிக்குப் போனது. பெரியண்ணன் ஹசனைப் பார்த்தார். தம் நாற்காலியைப் பார்த்தார். தம் வாயால் அண்ணாச்சி என்று அழைத்து, தம் கையால் உட்கார வைத்த மனிதர். கொடுத்த முறையைத் திரும்ப வாங்க எங்களிடம் வழி கிடையாது. மதினி என் காதருகே, "மஸ்கட்டுக்கே கூட்டிட்டுப் போயிருவாவளோ?" என்றார். எனக்கும் அதே பயம்தான். துடைத்து வைத்த மாடி என் நினைவுக்கு வந்தது. அக்கா அரபியில் எப்படிச் சிரிப்பாள் என்று பார்த்துவிட்டபின், போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தோன்றியது.

"எழுப்புங்க" என்றார் பெரியண்ணன். "அண்ணாச்சி சொல்லட்டும்."

மரியம் தந்தையைத் தொட்டு எழுப்பினாள். ஹசன் விழித்துப் பார்த்தார். தம்மையே நோக்கியிருந்த இத்தனை முகங்களையும் ஒன்றொன்றாகப் பார்த்தார். கூட்டத்தில் பேசியது எதுவும் அவருக்குத் தெரியாது. உறக்கத்தில் ஏதேனும் தவறு செய்துவிட்டோமோ என்ற கலக்கம் முகத்தில் தெரிந்தது. கடைசியில் அக்காவிடம் திரும்பி ஒரு கேள்வி கேட்டார்.

"'உக்தீ, என் உடன்பிறந்தாளே, இவர்களுக்கு என்ன வேண்டும்? உனக்கு என்ன வேண்டும்?' என்கிறார்" என்றாள் ஷஹானா.

அக்கா எழுந்து நின்றாள். அந்தக் கூடத்தில் அவள் நின்று பேசி நாங்கள் கண்டதில்லை. அரபியில் பேசத் தொடங்கினாள். முதலில் தணிந்து, பிறகு கையும் புருவமும் சேர்ந்துகொண்டன. சன்னலுக்கு வெளியே இருந்த மணியைக் காட்டினாள். இரு கைகளாலும் காற்றில் ஒரு வாழைத்தாரைத் தொங்கவிட்டாள். மரியம் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியண்ணனின் முகத்தில் கோபமில்லை. இந்தப் பெண் யார் என்று யோசிப்பவரைப் போல இருந்தார். அக்கா பேசி முடித்து என்னைப் பார்த்தாள். ஷஹானா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"இரண்டு சகோதரர்களும் பொன்னானவர்கள் என்கிறார். ஓர் அறையில் மணி இருக்கிறது. ஓர் அறையில் வாழைக்காய் இருக்கிறது. குறை இல்லை. ஆனால் உள்ளேயிருந்து திறக்க முடியாத கதவுள்ள வேனில் இத்தனை நாள் ஊர் சுற்றிப் பார்த்தாயிற்று. வெளியே யாராவது மனம் இரங்கினால்தான் இறங்கலாம். மிச்ச நாளையும் அப்படிக் கழிக்க முடியாது என்கிறார். மஸ்கட்டுக்கு மரியமின் மகள் கல்யாணத்துக்கு வருவார், விருந்தாளியாக. தங்கை வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அதை வாரம் தவறாமல் துடைக்கிறாள். தண்ணீர்க் குழாய் சரியாகத்தான் இருக்கிறது, திறந்து பார்த்தாராம். அந்த மாடியின் சாவி தன் கையில் வேண்டும் என்கிறார்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து இசக்கியின் மனம் நொந்த குரல் மட்டும் வந்தது. "கதவ நாளைக்கே சரி பண்ணிருதேன்னு சொன்னேன்லா."

ஹசன் தலையை அசைத்து "ஹலாஸ்" என்றார். முடிந்தது என்று பொருள். அவளே சொல்லிவிட்டாள், இதில் என்னைக் கேட்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு, தேநீர் உண்டா என்று விசாரித்தார்.

பெரியண்ணன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்து மறுபடி போட்டார்.

"அண்ணாச்சி சொல்லியாச்சு. பெறகென்ன." பிறகு அக்காவைப் பார்க்காமல், "மாசத்துல ஒரு ஞாயிறு இங்க வந்து சாப்பிடணும்" என்றார். மதினி தேநீர் போடப் போனார். அவர் நடையில் இருந்த துள்ளலை நான் யாரிடமும் சொல்லவில்லை.

விடைபெறுமுன் ஜெபம். பெரியண்ணன் கண்ணை மூடிப் பழக்கத்தில் தொடங்கிவிட்டார்: "அந்நிய தேசத்தில் ஒருவருமில்லாமல்..." அங்கே நின்றுபோனார். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். அவரும் கண்ணைத் திறந்திருந்தார். எதிரே ஹசன் தம் வழக்கப்படி இரு கைகளையும் ஏந்தி, மிகுந்த கவனத்தோடு காத்திருந்தார். அந்த வாக்கியத்தை எப்படி முடிப்பது என்று பெரியண்ணனுக்குத் தெரியவில்லை. "ஆமென்" என்றார். ஹசன் "ஆமீன்" என்று முகத்தைத் தடவிக்கொண்டார்.

அவர்கள் புறப்பட்டுப் போனபின் ஒரு மாலை, மாடியில் அக்கா பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் படியில் உட்கார்ந்திருந்தேன். நெடுநாளாக மனத்தில் கிடந்ததைக் கேட்டேன். அல்வாவுக்காக ஓர் அண்ணனை அவ்வளவு அதட்டினாளே, ஹசனுக்கு உண்மையில் என்ன வயது இருக்கும்?

"எனக்கே எளையவன்" என்றாள் அக்கா, புடவையை உதறிக்கொண்டே. "தாடி அவனுக்குச் சின்ன வயசுலயே வெளுத்துட்டு."

"முதல் நாளே அதைச் சொல்லியிருக்கலாமே?"

"யாரு என்கிட்ட கேட்டா?"

பெரியண்ணனுக்கு இது தெரியாது. என் எழுத்து எதையும் அவர் படிப்பதில்லை. வரலாறு படித்தவர்கள் கூட்டிச் சொல்வார்கள் என்பது அவர் கருத்து. பண்டிகை நாள்களில் மஸ்கட்டுக்குத் தொலைபேசி போட்டு, மொழி தெரியாத அண்ணாச்சியிடம் உரத்த குரலில் நலம் விசாரிக்கிறார். இசக்கி வேனை விற்றுவிட்டார். வாங்கியவரும் கதவைச் சரி செய்யவில்லை என்று கேள்வி. சாமுவேல் பழம் கொடுத்தனுப்புகிறான்.

மாடியில் அக்கா இருக்கிறாள். கீழே நான் இருக்கிறேன்.